வசிப்பிட நிலை

போ என்று சொன்னவர்தான் இரு என்றும் சொல்ல வேண்டுமா? விசாலினி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

கிரெடிட் கார்டு கிடைத்தால்தான், வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் நடத்தும் கேக் தொழிலுக்குப் பெரிய அடுப்பு வாங்க முடியும். போனில் விண்ணப்பத்தை விசாரித்த வங்கியின் இயந்திரக் குரல் அவள் வருமானத்தை உடனே ஏற்றுக்கொண்டது. 'சொந்த வீடு' என்று அவள் சொன்னதை மட்டும் ஏற்கவில்லை. இப்போதெல்லாம் வீடுகளே உள்ளே பேசுவதைப் பதிந்து வைப்பதால், அதை வீட்டிடமே கேட்டுக்கொள்கிறார்கள். சண்டைகளில் கணவன் சுதர்சன் "வெளிய போடி" என்று கத்தியதையெல்லாம் வீடு கேட்டு வைத்திருந்தது.

"உங்கள் வசிப்பு தற்காலிகமானது. நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்று கணவர் ஒருமுறை சொன்னால் போதும்" என்றது குரல்.

சுதர்சன் சிரித்தான். "கோவத்துல சொன்னதையெல்லாம் போட்டுக் குடுத்திருக்கு பாரு. இதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு. முதல்ல ஒரு காபி குடு."

அவன் தொண்டையைச் செருமினான். இந்த வீட்டுக் கடனில் பாதித் தவணை தன் சம்பளத்தில் போவது அவளுக்கு நினைவு வந்தது.

"சொல்லாதீங்க" என்றாள் மெதுவாக.

"அப்போ அடுப்பு?"

"சின்ன அடுப்புலயே சுட்டுக்கறேன். நீங்க இருக்கச் சொல்லி நான் இங்க இருக்கலை."

விண்ணப்பத்தை அவளே மூடினாள்.