தலைமாட்டு இரும்பு

டாக்டர் கணினித் திரையில் தணிகாசலத்தின் தலையைக் காட்டினார். சாம்பல் நிற மூளையில் எள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள். "சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் பழுதாகியிருக்கும்மா. கசிஞ்ச இடத்துல இரும்பு படிஞ்சிருக்கு. அதான் நடை தள்ளாடுது, பேச்சுக்கு வார்த்தை கிடைக்க மாட்டேங்குது." வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். கனகவல்லி இல்லையென்று தலையாட்டினாள். கேட்க என்ன இருக்கிறது? கணவர் தூக்கத்தில் அலறத் தொடங்கியபோது, இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது என்று தலையணைக்கு அடியில் பாக்குவெட்டியை வைத்தவள் அவள்தான். இரண்டு வருடமாக அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டாள். மதியம் படுத்தவர் தலையணைக்கு அடியில் துழாவினார்.

"எங்கடி அது?"

"எது?"

வார்த்தை வரவில்லை. இரண்டு விரல்களைத் திறந்து மூடிக் காட்டினார். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்று தன் கையை அங்கே நுழைத்தாள். அவர் அவள் விரல்களைப் பற்றி, இரண்டை மட்டும் விரித்து மூடிப் பார்த்தார். போதும் போலிருந்தது. கண் செருகியது. தலை அவள் கைமேல் கனத்தது. கை மரத்துப்போன பிறகும் உருவிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அந்தக் கை வளையலில் கோத்திருந்த சேலை ஊக்கு நினைவுக்கு வந்தது. மறு கையை மெல்ல நுழைத்து அதைக் கழற்றி, சன்னலுக்கு வெளியே முடிந்த மட்டும் தூரமாக எறிந்தாள்.