வீட்டு பேட்டரி

ஆட்டோவின் பின் இருக்கையில் பேட்டரி உட்கார்ந்திருந்தது.

பேட்டரிக்குச் சொந்தக்காரர் ஓட்டுநருக்குப் பக்கத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க, ஒண்டிக்கொண்டு வந்தார்.

வேறு வழியில்லை. அறுபது கிலோ கனம். சாய்ந்தால் ஆசிட் சிந்தும். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவதுபோல் ஓட்டச் சொல்லியிருந்தார்.

காலை பத்து மணி. தூத்துக்குடி வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது.

படகுத்துறையில் மெக்கானிக் கில்பர்ட் காத்திருந்தான். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் ஆட்டோவுக்குள் பார்த்தான்.

"இது எங்கருந்து அண்ணாச்சி?"

"வீட்லருந்துதான். நீதான போன்ல சொன்ன, இன்ஜின் பேட்டரி ஒண்ணு, வீட்டு பேட்டரி ஒண்ணுன்னு."

மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டரோடு எட்டு வருஷம் குடியிருந்த பேட்டரி. அவரே கழற்றினார். மனைவி தங்கபுஷ்பம் கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

கில்பர்ட் தலையைச் சொறிந்தான்.

"வீட்டு பேட்டரின்னா வீட்ல இருக்க பேட்டரி இல்ல அண்ணாச்சி. பாட்டு, ஃபேன், லைட்டு இதுக்கெல்லாம் போட்டுல தனியா ஒண்ணு வைக்கது. போட்டையே வீடுன்னு நெனச்சு அப்படிச் சொல்லுவாவ."

ஆட்டோக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவர் அவர். மின்னோட்டவியலில் அவர் போட்ட நோட்ஸ் இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இதை வச்சா வேலைக்கு ஆவுமா, ஆவாதா?"

"ஆவும். சாயாமக் கட்டணும்."

"அப்பக் கட்டு."

வீம்பு கொஞ்சம் இருந்தது. ஆனால் வீம்பு மட்டும் இல்லை.

ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய சின்ன ஃபைபர் படகு. சாயங்காலமானால் தங்கபுஷ்பத்தை உட்காரவைத்துக் கடலில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முதல் தடவையே நடுக்கடலில் இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுப் போட்டார். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இருந்த ஒரே பேட்டரியை அது குடித்துவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் முனகக்கூட இல்லை.

மீன்பிடிப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்துவந்தது. கரையில் தங்கபுஷ்பத்தின் தம்பி மனைவி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றாள்.

இனி இந்தப் படகில் கால் வைக்க மாட்டேன் என்று தங்கபுஷ்பம் அன்றே சொல்லிவிட்டாள்.

ஐந்து மாதம் ஆயிற்று. வைக்கவில்லை.

அவர் தனியாகப் போய்ப் பார்த்தார். எதிரே உட்காரும் பலகையில் ஆள் இல்லாமல் படகு அவர் பக்கமே சாய்ந்து போயிற்று. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால்தான் இரண்டு பேட்டரி.

ஒன்று இன்ஜினைக் கிளப்ப மட்டும். பாட்டு அதைத் தொடவே முடியாது. பாட்டு எவ்வளவு குடித்தாலும் இரண்டாவதைத்தான் குடிக்கும்.

பதினொன்றரைக்குக் கில்பர்ட் கடைசி ஒயரை முடுக்கினான். வட்டமான சுவிட்சை இரண்டாவது பேட்டரிக்குத் திருப்பச் சொன்னான்.

திருப்பினார்.

படகுக் கூரையில் மாட்டியிருந்த சின்ன ஃபேன் சுற்றியது.

அவர் அதற்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். காற்று முகத்தில் அடித்தது. கண் கலங்கியது காற்றினால்தான் என்று கில்பர்ட் நினைத்திருக்கக்கூடும்.

அப்போது துறையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பேட்டரியை ஏற்றிவந்த அதே ஆட்டோ.

தங்கபுஷ்பம் இறங்கினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

கில்பர்ட் குனிந்து, கையிலேயே இருந்த ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தான். அவள் நேராகப் படகருகே வந்தாள்.

"இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் கரண்டு கெடையாதுன்னு பேப்பர்ல போட்டுருக்கான். பாக்கலியா?"

ஒரு வரி விடாமல் பேப்பர் படிக்கிறவர் அவர். மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு மட்டும் இன்றைக்கென்று கண்ணில் படவில்லை.

"இன்வெர்ட்டர் கெட்டுப்போச்சுன்னு குனிஞ்சு பாக்கேன், பேட்டரியவே காணும். களவாணிப்பய வந்துட்டான்னு தெருவையே கூட்டிட்டேன். இந்த ஆட்டோத் தம்பிதான் விஷயத்தைச் சொல்லிச்சு. வீட்ல ஒரு ஃபேன் ஓடல."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விளக்கம் சொல்லியிருக்கலாம். பயத்தில் அவர் வாயில் வந்தது வேறு.

"இங்க ஓடுது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் ஃபேனைப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். காலுக்கடியில் சிமெண்டுத் தரை கொதித்தது.

அவர் ஃபேனுக்குக் கீழே இருந்து மெல்ல நகர்ந்து நின்றார். அதற்குமேல் எதுவும் செய்யத் துணியவில்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். கில்பர்ட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். படகு ஆடியது. இன்னொரு காலையும் வைத்தாள். ஃபேனுக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

அவள் கழுத்து வேர்வை மெல்லக் காய்ந்தது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு இன்னும் ஐந்தே கால் மணி நேரம் இருந்தது. ஐந்து மாதம் அவள் வராமலே இருந்ததற்கு அது எவ்வளவோ மேல். அதுவே போதும் என்றிருந்தது அவருக்கு.

தங்கபுஷ்பம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இதை எதுக்குச் சும்மா கரையில கட்டிப்போட்டுருக்கீங்க?"

கயிற்றை அவிழ்க்கப் போனார். அவரே போட்ட முடிச்சுதான். எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று தெரியவில்லை.