பேச வந்தவர்

பல் பராமரிப்பு பற்றிப் பேசி முடித்த டாக்டர் ஹுமேராவுக்கு, அரூர் சேவைச் சங்கத் தலைவர் மரியசூசை பொன்னாடை போர்த்தினார். கூடவே ஒரு பேட்ஜையும் குத்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம புது உறுப்பினர் ஹுமேரா மேடத்தை வரவேற்கிறோம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஹுமேராவுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"சார், ஆளு மாறிப்போச்சுங்க. நான் பேசத்தானுங்க வந்தேன்!"

"தெரியுங்க மேடம்," மரியசூசை குரலைத் தாழ்த்தினார். "நானும் சொட்டுநீர்ப் பாசனத்தப் பத்திப் பேசத்தானுங்க வந்தேன். எதிர்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அப்படி வந்தவங்கதான்."

கூட்டம் அவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தது.

"அடுத்த மாசம் பேசறதுக்கு யாராச்சும் இருந்தா சொல்லுங்க மேடம்."

பேட்ஜைக் கழற்றப் போன ஹுமேராவின் கை நின்றது. தன் கிளினிக்குக்கு எதிரிலேயே புதிதாகக் கடை விரித்திருக்கும் பல் டாக்டர் டேவிட்ராஜ் நினைவுக்கு வந்தான்.

"ஒருத்தர் இருக்காருங்க. பிரமாதமாப் பேசுவார்!"