எங்கள் படை வந்துவிட்டது

கால்பந்து ரசிகர் பேரவைத் தலைவர் ததேயுஸ் இரண்டு பஸ் மாறி வெளியூர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். பேரவையின் மற்றவர்களுக்கெல்லாம் அன்று பார்த்துக் காய்ச்சல். 'எங்கள் படை வந்துவிட்டது' என்ற நீளப் பதாகையை ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாது. பக்கத்தில் நின்ற எதிரணி ரசிகரிடம் ஒரு முனையை நீட்டினார்.

“பிடிக்கேன் அண்ணாச்சி. ஆனா நாங்க கோல் போட்டா விட்டுட்டுக் கை தட்டுவேன், கேட்டியளா?”

“எங்க பயலுவ போட விட்டாத்தான!”

நான்கு முறை பதாகை சேற்றில் விழுந்தது. நான்கு முறையும் அந்த மனிதர் அதை உதறி, வருத்தம் தெரிவித்து, மறுபடி பிடித்துக்கொண்டார். ஐந்தாவது கோலுக்கு மைதானமே துள்ளியது. அவர் மட்டும் அசையவில்லை. தலையைக் குனிந்து, துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“விடுங்க அண்ணாச்சி,” என்று கெஞ்சினார் ததேயுஸ். “கை தட்டுங்க.”