சூடு வாங்காத தம்ளர்

குப்பை பிரிக்கும் ஆலையில் ஓர் இயந்திர விரல் இருந்தது. எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் அந்த விரல், பெல்ட்டில் வரும் பொருள்களைத் தொட்டு இன்னதென்று சொல்லும். தொட்ட பொருள் விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டால் உலோகம். இழுக்கவே இல்லையென்றால் தெர்மாகோல். உலோகத்தை உருக்கிப் பாத்திரம் செய்வார்கள். தெர்மாகோல் குழிக்குப் போகும்.

ஒருநாள், வெயிலில் கிடந்துவிட்டு வந்த எவர்சில்வர் தம்ளரை விரல் தொட்டது. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன.

"நீ தெர்மாகோல்" என்றது விரல்.

"இன்னொரு தடவை தொட்டுப் பாருங்க. நான் எவர்சில்வர்."

"எவர்சில்வரா இருந்தா எங்கிட்டேருந்து சூட்டை எடுத்திருப்பே. நீ ஒண்ணுமே எடுத்துக்கலையே."

"எனக்கு வேண்டிய சூடு எங்கிட்டயே இருக்குங்க. உங்ககிட்ட எதுக்கு எடுக்கணும்?"

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட எடுக்காத உலோகத்தை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லி, விரல் அதைக் குழிப் பக்கம் தள்ளிவிட்டது.

தம்ளர் 'டங்' என்று விழுந்து, நெடுநேரம் உருண்டது.

அடுத்த பொருளைத் தொட்டபடியே விரல் சொன்னது: "இப்பல்லாம் தெர்மாகோல்கூட என்னமா சத்தம் போடுது."