அந்த டாக்டர் பேரைப் போடுங்க

"எந்த மடையன் இவருக்கு மறுபடியும் மாத்திரை கொடுத்தான்? ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறேன்!"

டாக்டர் சுரேந்திரன் போட்ட சத்தத்தில், உள்ளே மருந்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் புஷ்பா ஓடி வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சயா, யாரைத் திட்டுறீங்க?" டாக்டரைப் பர்மிய வழக்கப்படி 'சயா' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"இந்த அநியாயத்தைப் படி!" என்று போனை நீட்டினார்.

யாங்கோன் டாக்டர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வைபர் குழு அது. மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்தால், அவர் பெயர் அதில் வந்துவிடும். மாத்திரை கொடுத்த டாக்டர் பார்த்துச் சுதாரித்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. இந்த யோசனையைச் சொன்னவரே சுரேந்திரன்தான். கோபம் வராமல் என்ன செய்யும்?

புஷ்பா பர்மிய எழுத்தைப் படித்துத் தமிழில் சொன்னாள். "ஊ ஸோ வின், வயசு அம்பத்திரண்டு. வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்த்துப் போட்டிருக்காரு. மூச்சே இல்லாத மாதிரி தூக்கிட்டு வந்தாங்களாம். நேத்துதான் வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. இது ரெண்டாவது தடவையாம் சயா."

"முதல் தடவையே சொன்னாங்கல்ல, இந்த ஆளுக்கு யாரும் கொடுக்காதீங்கன்னு? அதுக்கப்புறமும் ஒருத்தன் கொடுத்திருக்கான்! இன்னொரு தடவை நடந்தா உயிரோட திரும்ப மாட்டாருன்னு எழுதியிருக்காங்க. இது வைத்தியமா, கொலையா? நீங்களே சொல்லுங்க அண்ணே."

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். "அந்த டாக்டருக்கு விஷயம் தெரிஞ்சிருக்காது, டாக்டர் தம்பி."

"தெரியலைன்னா தெரிஞ்சுக்கணும்! படிச்ச படிப்பு எதுக்கு?"

ஆத்திரம் அடங்காமல் குழுவில் தட்டினார்: 'நோயாளியையோ வீட்டுக்காரர்களையோ கேட்டு, அந்த டாக்டர் பெயரை இங்கேயே போடுங்கள். ஊருக்கெல்லாம் தெரியட்டும்.'

செய்தி டாக்டர் மின் தூ என்ற பெயரில் போனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வைத்த பர்மியப் பெயர் அது. பட்டத்திலும் வாசல் பலகையிலும் அதுதான். சுரேந்திரன் என்பது வீட்டில் வைத்தது. கிளினிக் இருக்கும் தின்கன்ஜூன் பேட்டைத் தமிழர்களுக்கு மட்டும் அவர் சுரேந்திரன் டாக்டர்.

"சரி, நம்ம கதைக்கு வருவோம். முதுகு எப்படி இருக்குண்ணே? போன வாரம் ஆளையே காணோமே?"

"மாவ்பியில தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்." சபாபதி நிமிரவே இல்லை. போட்டாதாங் படகுத்துறையில் அரிசி மூட்டையோடு வழுக்கி விழுந்தவர் அவர். "வலி உயிர் போகுது தம்பி. புரண்டு படுக்க முடியலை. பழைய மாத்திரையே கொடுத்துடுங்க."

டாக்டர் மளமளவென்று எழுதிச் சீட்டைப் புஷ்பாவிடம் கொடுத்தார். அவள் தயங்கினாள்.

"சயா, இந்த மாத்திரைக்கெல்லாம் அடையாளக் கார்டு பார்த்துத்தான் கொடுக்கணும்னு நீங்கதானே குழுவில சொன்னீங்க?"

"அது முன்னப்பின்னத் தெரியாதவங்களுக்கு! வருஷம் தவறாம நம்ம கோயில்ல தீ மிதிக்கிற மனுஷன்கிட்டப் போய்க் கார்டு கேப்பியா? நம்ம ஆளுக்குக் கார்டு எதுக்கு? போம்மா, போய் மருந்தை எடு."

புஷ்பா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். சபாபதி பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"தம்பி, அந்த டாக்டரை ரொம்பத் திட்டாதீங்க. பாவம், நல்லவராத்தான் இருப்பாரு."

"உங்களுக்கு இளகின மனசுண்ணே. பஸ் போயிடப் போகுது, போய்ட்டு வாங்க."

அவர் தலை மறைந்ததும் டாக்டர் புஷ்பாவிடம் திரும்பினார். "பார்த்தியா? எவனோ ஒரு உதவாக்கரைக்குக்கூடப் பரிஞ்சு பேசுறாரு. இவருகிட்டக் கார்டு கேக்கப் போனியே!"

போனில் செய்தி வந்த ஒலி கேட்டது. டாக்டர் ஆவலாக எடுத்தார்.

"புஷ்பா, ஆள் மாட்டிக்கிட்டான்! கேட்டுக்கோ." உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார். "ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் நோயாளி வாயே திறக்கலையாம். இப்பப் போன் போட்டு அவர் சம்சாரத்தைக் கேட்டிருக்காங்க. மாத்திரை கொடுத்தது தின்கன்ஜூன்ல ஒரு தமிழ் டாக்டராம். பேரு சு..."

இவ்வளவு நேரம் எகிறிய மனிதரா இது என்று பார்த்த புஷ்பா, போனை வாங்கி மீதியைப் படித்தாள்.

"...பேரு சுரேந்திரன். டாக்டர்கள் பதிவில அப்படி ஒரு பேரே இல்லை, போலி டாக்டராத்தான் இருக்கணும். டாக்டர் மின் தூ, நீங்களும் அந்தப் பக்கம்தானே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. நோயாளியையும் தமிழங்க வேற பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம், சபாபதின்னு."

அவள் படித்து முடிப்பதற்குள், நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு டாக்டர் செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.