முதல் வேலை

பல வருடம் பேசாமலிருந்த அண்ணன், மண் தள்ளும் பழைய செயின் டிராக்டரை லாரியில் கொண்டுவந்து தம்பியின் பட்டறை வாசலில் இறக்கினான்.

"டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின். எவனும் தொடமாட்டேங்கிறான். நீ பாக்குறியாடா?"

அந்த 'டா'வுக்காகவே தம்பி மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்தான். லைனர், பிஸ்டன், புளோயர் எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்தான். அண்ணன் கூடவே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். மதியம் ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள்.

எஞ்சின் முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணன் ஏறி உட்கார்ந்தான்.

"முதல் வேலை எங்கண்ணா?"

"இங்கதான். இந்த இடம் என் பேர்லதானே இருக்கு, வித்துட்டேன். காலி மனையா கேக்குறாங்க. உன் சாமானையெல்லாம் வெளிய எடுத்துக்க."

டிராக்டர் பட்டறைச் சுவரை நோக்கி நகர்ந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறுகூட இல்லை.